எட்டு எக்ஸ் வெச்சு ஒரே ஷாட்டா?

2021 அக்டோபர் முதல் வாரம். சேலையூர் கேம்ப் ரோட்டில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடை. சுவர் டிவியில் மசினகுடி ஓடிக்கொண்டிருந்தது. எம்டிடி 23 என்று வனத்துறை பெயர் வைத்து, சேனல்காரர்கள் டி23 என்று சுருக்கிவிட்ட புலியைத் தேடும் படலம். பக்கத்தில் நின்ற பையனுக்கு இருபது வயசு இருக்கும். கண்ணை டிவியிலிருந்து எடுக்காமல் சொன்னான்:

"என்னண்ணா இது, இத்தன ஆளு, ட்ரோனு, கும்கி யானை... ஒரு புலியப் புடிக்க முடியல. நல்ல ஸ்னைப்பர் ஒருத்தன், எட்டு எக்ஸ் ஸ்கோப் போட்டு, ஐந்நூறு மீட்டர்ல இருந்து ஒரே ஷாட். மேட்டர் ஓவர்."

டீ மாஸ்டர் "கரெக்ட்டு தம்பி" என்றார். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரும் தலையாட்டினார். நான் ஒன்றும் சொல்லாமல் காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அது தப்பு. அப்புறம் 2024 ஏப்ரலில் மயிலாடுதுறையில் சிறுத்தை நடமாட்டம் என்று செய்தி வந்தபோது அதே வசனத்தை வேறு வேறு வாய்களில் கேட்டேன். தூரத்திலிருந்து ஒரு ஷாட். பெரிய ஸ்கோப். இனியும் சும்மா இருக்க முடியாது என்பதால் இந்தக் கட்டுரை.

நான் சொல்ல வருவது இதுதான். ஆளைக் கொல்லக்கூடிய ஒரு பெரிய மிருகத்தின் முன்னால் துப்பாக்கியோடு நிற்கிறவனுக்கு வேண்டியது குறைந்த உருப்பெருக்கம். ஒன்றிலிருந்து நாலு வரை. அதற்கு மேல் கேட்கிறவர், தெரிந்தோ தெரியாமலோ, வேறொன்றைக் கேட்கிறார்: நான் அங்கே இருக்கக் கூடாது, ஆனால் காரியம் நடந்துவிட வேண்டும். அந்த ஆசைக்கு இன்னொருவர் உயிரை விலையாகக் கொடுக்கிறோம் என்பதுதான் என் புகார்.

முதலில் ஒரு வாக்குமூலம். நான் வேட்டைக்காரன் கிடையாது. ஒரு அணிலைக்கூட சுட்டதில்லை. ரைஃபிள் பற்றி எனக்குத் தெரிந்தது படித்ததும், எங்கள் தெருவில் இருக்கும் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர் சொல்லிக்கொடுத்ததும். புலி பற்றி எனக்குத் தெரிந்தது கூடலூரில் இருக்கும் என் சித்தப்பா சொன்னது. அந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. இந்த விஷயத்தில் இரண்டு பேரும் ஒரே கட்சி.

*

கணக்கிலிருந்து ஆரம்பிக்கலாம். கணக்குக்குக் கட்சி கிடையாது.

எட்டு எக்ஸ் என்றால் பொருள் எட்டு மடங்கு பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் ஸ்கோப்பில் எதுவும் இலவசமாகக் கிடைக்காது. எத்தனை மடங்கு பெரிதாக்குகிறோமோ, கிட்டத்தட்ட அத்தனை மடங்கு பார்வைப் பரப்பு சுருங்கும். ஒரு எக்ஸில் 100 மீட்டர் தூரத்தில் சுமார் 36 மீட்டர் அகலம் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலில் அது 9 மீட்டர். எட்டில் நாலரை.

ஆனால் 100 மீட்டர் யாருக்கு வேண்டும்? நீலகிரிப் புதரில் 20 மீட்டர் தூரம் தெரிந்தாலே பாக்கியம். 20 மீட்டரில் ஒரு எக்ஸில் 7 மீட்டர் அகலம் தெரியும். புலி, அதன் வலப்பக்கம் இருக்கும் பாறை, இடப்பக்கம் இருக்கும் ஒற்றையடிப் பாதை, பாதையில் யாராவது வந்தால் அவர்கள், எல்லாம் அதற்குள் அடங்கும். எட்டு எக்ஸில்? 90 சென்டிமீட்டர். வளர்ந்த ஆண் புலியின் உடம்பு, வாலை விட்டுவிட்டால்கூட, அதைப்போல இரண்டு மடங்கு நீளம். அதாவது உங்களுக்குத் தெரிவது ஆரஞ்சு நிறத்தில் கறுப்புக் கோடு போட்ட ஒரு துணி. அது தோளா, தொடையா, விலாவா? தலை எந்தப் பக்கம்? யாருக்குத் தெரியும்! போதாக்குறைக்கு அந்தத் துணியும் மங்கலாக இருக்கும். அதிக உருப்பெருக்கம் உள்ள ஸ்கோப்புகள் பெரும்பாலும் 100 மீட்டரோ அதற்கு மேலோ தெளிவாகத் தெரிகிற மாதிரி அமைக்கப்பட்டவை.

அடுத்தது நேரம். பாயும் புலியின் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர் என்று குறைத்தே போடுவோம். நொடிக்கு 14 மீட்டர். இருபது மீட்டரைக் கடக்க ஒன்றரை நொடி. அந்த ஒன்றரை நொடியில் அந்த 90 சென்டிமீட்டர் ஓட்டைக்குள் புலியைத் தேடிக் கண்டுபிடித்து, உடம்பில் எந்த இடம் என்று புரிந்துகொண்டு, விசையை அழுத்த வேண்டும். ஒரு எக்ஸ் என்றால் இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டே குறி பார்க்கலாம். ஸ்கோப் வழியாகத் தெரிவதும் வெறும் கண்ணுக்குத் தெரிவதும் ஒரே அளவு என்பதால் மூளை குழம்பாது. எட்டில் அது முடியாது.

வெளிச்சக் கணக்கும் உண்டு. முன்பக்க லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 24 மில்லிமீட்டர் லென்ஸ், நாலு எக்ஸ்: 6 மில்லிமீட்டர். அதே லென்ஸில் எட்டு எக்ஸ்: 3 மில்லிமீட்டர். இருட்டில் இளைஞர்களின் கண்மணி 7 மில்லிமீட்டர் வரை விரியும், வயசாக ஆகச் சுருங்கி 5 பக்கம் வரும். அந்தி நேரத்தில் 3 மில்லிமீட்டர் ஒளி கண்ணுக்குப் பத்தாது. படம் பெரிதாகும், ஆனால் இருண்டுபோகும். புலியும் சிறுத்தையும் நடமாடுவது அந்தியிலும் இரவிலும்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக உதைப்பு. பெரிய மிருகத்துக்குப் பெரிய தோட்டா வேண்டும். ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனி 1912ல் கொண்டுவந்த .375 மேக்னம்தான் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் இன்றைக்கும் யானை, காட்டெருமை மாதிரி மிருகங்களுக்குக் குறைந்தபட்ச அளவு. அது தோளில் உதைக்கிற உதையில், கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே ஒரு சாண் இல்லாவிட்டாலும் அரைச் சாணாவது இடைவெளி வேண்டும். இல்லையென்றால் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழித்துவிடும். தெருக்கோடி மாமா தன் புருவத்தில் உள்ள தழும்பைக் காட்டிச் சிரிப்பார். அதிக உருப்பெருக்கத்தில் கண்ணை ஒரே இடத்தில் துல்லியமாக வைத்தால்தான் படமே தெரியும். பதற்றத்தில் இருப்பவன் முகத்தை முன்னால் கொண்டுபோவான். அடுத்தது ரத்தம்தான்.

ஆபத்தான மிருகங்களுக்கு என்றே செய்யப்படும் ஸ்கோப்புகளை எடுத்துப் பாருங்கள். 1-4×24, 1-6×24, 1.5-5×20. எல்லாமே ஒன்றுக்குப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கும். காயம்பட்ட மிருகத்தைத் தேடிப் போகும் தொழில்முறை வேட்டைக்காரர்கள் பலர் அதையும் கழற்றிவிட்டு வெறும் இரும்புக் குறிமுனையை நம்புவார்கள்.

இதெல்லாம் டீக்கடைப் பையனுக்குத் தெரியாத விஷயம் என்று நினைக்காதீர்கள். அவன் கையில் இருந்த போனில் பிஜிஎம்ஐ இருந்திருக்கும். வீட்டுக்குள் புகுந்து சண்டை போடும்போது எட்டு எக்ஸ் மாட்டியிருந்தால் என்ன ஆகும் என்று அவனைக் கேளுங்கள். "லூசாண்ணா நீ? செவுருதான் தெரியும். ரெட் டாட் போடணும்" என்பான். ரெட் டாட் என்றால் ஒரு எக்ஸ். விளையாட்டில் தன் உயிர் போகும்போது அவனுக்கு இந்த அறிவு இருக்கிறது. மசினகுடியில் வேறு யாரோ நிற்கும்போது எப்படி மறந்துபோகிறது?

*

மறந்துபோவதற்குக் காரணம், அந்த இடம் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாது. ஸ்னைப்பர் என்றால் நம் மனசில் ஓடுவது திறந்த வெளி, எதிரே ஒரு கட்டடம், சினிமா. ஐந்நூறு மீட்டர் நேர்க்கோடாகப் பார்வை போகும் இடம் கூடலூர்ப் பக்கம் எங்கே இருக்கிறது? தேயிலைச் சரிவுகளில் இருக்கலாம். ஆனால் புலி தேயிலைச் சரிவின் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்வதில்லை. ஓடைக்கரையில், ஆள் உயரத்துக்கு அடர்ந்த உண்ணிச்செடிக்குள் கிடக்கும். அதற்குள் மூன்றடி தள்ளி ஒரு மாடு படுத்திருந்தாலே தெரியாது என்பார் சித்தப்பா.

அந்த மூன்று வாரத்தில் நடந்ததைப் பாருங்கள். நான்கு மனித உயிர்களும் நிறைய மாடுகளும் அந்தப் புலியின் கணக்கில் எழுதப்பட்டன. அக்டோபர் 1ஆம் தேதி மசினகுடியில் நான்காவது மரணம். அன்றைக்கே தலைமை வன உயிரினக் காப்பாளர் வேட்டையாட உத்தரவு போட்டார். 1972ஆம் வருடத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவு அந்த அதிகாரத்தை அவருக்கு மட்டுமே தருகிறது. அதுவும் பிடிக்கவோ, மயக்கவோ, இடம் மாற்றவோ முடியாது என்று அவர் திருப்தியடைந்தால்தான் கொல்ல அனுமதிக்கலாம். சில நாளில் சென்னை உயர் நீதிமன்றம், உடனே கொல்ல வேண்டாம், பிடிக்கப் பாருங்கள் என்றது. அக்டோபர் 14ஆம் தேதி இரவு மயக்க ஊசி பட்டது. பட்டும் புலி புதருக்குள் போய் மறைந்துவிட்டது. மறுநாள், விஜயதசமி அன்று, மறுபடி ஊசி போட்டுப் பிடித்து மைசூரு மறுவாழ்வு மையத்துக்குக் கொண்டுபோனார்கள்.

"ஊசின்னா தூரத்துல இருந்து போடலாமே" என்று இன்னொரு கூட்டம் சொன்னது. கொல்லக் கூடாது என்று சொன்ன நல்ல மனசுக்காரர்கள். அவர்கள் மனசிலும் எட்டு எக்ஸ்தான். மயக்க ஊசித் துப்பாக்கி வாயு அழுத்தத்தில் வேலை செய்வது. ஊசி தோட்டா மாதிரிப் பறக்காது. மெதுவாக, வளைந்து, தொபுக்கென்று இறங்கும். இருபதிலிருந்து நாற்பது மீட்டருக்குள் போனால்தான் பிரயோஜனம். நடுவில் ஒரு குச்சி குறுக்கிட்டால் போச்சு. பட்டாலும் மருந்து ஏறப் பத்து நிமிஷமாவது ஆகும். அந்தப் பத்து நிமிஷம் ஊசி பட்ட புலி நடந்துகொண்டே இருக்கும், பின்னால் யாரோ போக வேண்டும். கொல்வதாக இருந்தாலும் காப்பாற்றுவதாக இருந்தாலும் யாரோ ஒருவர் கிட்டே போய்த்தான் ஆக வேண்டும்.

*

இப்போது எதிர்க்கட்சியின் நல்ல வாதத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் விட்டால் நான் ஏமாற்றுகிறேன் என்று அர்த்தம்.

"சரியான புலிதானா என்று தெரிய வேண்டாமா? அதற்கு உருப்பெருக்கம் வேண்டாமா?"

நியாயமான கேள்வி. ஜிம் கார்பெட்டையே சாட்சிக்குக் கூப்பிடலாம். சௌகட் ஆட்கொல்லிப் புலியைத் தேடிப்போனபோது, தாய்ப்புலிக்குப் பதிலாக அதன் வளர்ந்த குட்டியைச் சுட்டுவிட்டார். அந்தப் பிழைக்கு அடுத்த பன்னிரண்டு மாதத்தில் பதினைந்து பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். நல்ல ஸ்கோப் இருந்திருந்தால் அந்தப் பதினைந்து பேர் பிழைத்திருப்பார்களோ?

என் பதில்: பார்ப்பது ஒரு வேலை, சுடுவது இன்னொரு வேலை. பார்க்கும் வேலைக்கு எவ்வளவு உருப்பெருக்கம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். பைனாகுலரில் வையுங்கள். கேமரா ட்ராப்பில் வையுங்கள். புலியின் உடம்புக் கோடுகள் நம் கைரேகை மாதிரி, ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. வலது விலாவின் கோடு இடது விலாவில் இருக்காது. அந்தப் படங்களைப் பழைய படங்களோடு மேஜையில் வைத்து ஒப்பிட்டுத்தான் எம்டிடி 23 எது என்று முடிவு செய்தார்கள். காட்டில் நின்று ஸ்கோப் வழியாக முடிவு செய்யவில்லை, செய்யவும் முடியாது.

தெருக்கோடி மாமா இதை ஒரு சட்டமாகவே சொன்னார். "ஸ்கோப்ப பைனாகுலரா யூஸ் பண்ணாதடா. ஸ்கோப்ல ஒன்ன பாக்குறேன்னா, துப்பாக்கி வாய அதுக்கு நேரா நீட்டியிருக்கேன்னு அர்த்தம். அது என்னன்னு தெரியாமயே நீட்டியிருக்கேன்." அங்கே அசைவது புலியா மாடா மனுஷனா என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு ஜூம் தேவைப்பட்டால், விசைக்குப் பக்கத்தில் விரலை வைக்கும் உரிமை உங்களுக்கு இன்னும் வரவில்லை.

இதே விஷயத்தை சித்தப்பா வேறு மாதிரி சொன்னார். அந்த அக்டோபரில் போன் பண்ணி, "சித்தப்பா, பத்திரமா இருக்கீங்களா, புலி எங்க இருக்காம்" என்று கேட்டேன்.

"புலி எங்கயோ இருக்கட்டும்டா. காக்கிச் சட்டக்காரங்க துப்பாக்கியத் தூக்கிட்டுச் சுத்துறாங்க. உங்க சின்னம்மா வெறகுக்குப் போயிருக்கா. கறுப்புல மஞ்சப் பூப்போட்ட சீல. நான் அதத்தான் நெனச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

மஞ்சளும் கறுப்பும். எட்டு எக்ஸில், 20 மீட்டரில், புதருக்கு நடுவே, 90 சென்டிமீட்டர் வட்டத்துக்குள். நான் போனை வைத்துவிட்டு ரொம்ப நேரம் மொட்டைமாடியில் நின்றேன்.

வனத்துறைக்காரர்கள் அப்படி யாரையும் சுட்டுவிடவில்லை. தேடுதல் நடந்த இடங்களில் ஜனங்களை வெளியே வர வேண்டாம் என்று எச்சரித்தார்கள். நான் குறை சொல்வது அவர்களை இல்லை. "இன்னும் ஏன் சுடல, இன்னும் ஏன் சுடல" என்று சேலையூரிலிருந்தும் வேளச்சேரியிலிருந்தும் அவர்களை அவசரப்படுத்திய நம்மைத்தான்.

*

தூரத்து ஷாட்டைப் பற்றிப் பேசாமல் விடுகிற இன்னொரு விஷயம், அது தப்பினால் என்ன ஆகும் என்பது.

முந்நூறு, நானூறு மீட்டரில் அசையாத அட்டையைச் சுடுகிறவனுக்கும் குறி சில அங்குலம் விலகும். அதிக உருப்பெருக்கம் கை நடுக்கத்தையும் சேர்த்தே பெரிதாக்கும். மிருகம் ஒரு அடி நகர்ந்தால் இதயத்துக்கு வைத்த குறி வயிற்றில் படும். வயிற்றில் காயம்பட்ட புலி ஓடிப்போய் உண்ணிச்செடிக்குள் படுத்துக்கொள்ளும். சாக ஒரு நாள் ஆகலாம், ரெண்டு நாள் ஆகலாம். அதுவரைக்கும் அந்த வட்டாரத்தில் அதைவிட ஆபத்தான உயிர் கிடையாது.

அதைத் தேடி யார் உள்ளே போவது? ஐந்நூறு மீட்டர் தள்ளிப் படுத்திருந்த உங்கள் ஸ்னைப்பர் மட்டுமா? அவருக்கு அந்தக் காட்டில் வழி தெரியாது. முன்னால் நடப்பது வேட்டைத் தடுப்புக் காவலர். பெரும்பாலும் இருளரோ, குறும்பரோ, காட்டுநாயக்கரோ. கால்தடம் பார்க்கத் தெரிந்த ஒரே காரணத்துக்காக முன்னால் அனுப்பப்படுகிறவர். பல பேருக்கு வேலை நிரந்தரம்கூட இல்லை. அவர் கையில் ஒரு தடியோ அரிவாளோ இருக்கும். அவர் பார்க்கும் உருப்பெருக்கம் எப்போதும் ஒரு எக்ஸ்தான்.

அதனால்தான் பழைய ஆட்கள் கிட்டே போனார்கள். வீரத்துக்காக என்று கதை படிக்கும் நாம் நினைத்துக்கொள்கிறோம். கென்னத் ஆண்டர்சனைப் படித்துவிட்டு அஞ்செட்டிக்கும் பென்னாகரத்துக்கும் பைக் ரைடு போகிற நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். ஆண்டர்சனின் .405 வின்செஸ்டரை அவர்கள் ஏதோ கடவுள் கை ஆயுதம் மாதிரிப் பேசுவார்கள். அதில் அவர் மாட்டியிருந்தது ஒரு டார்ச் விளக்கு. பரணில் இரவெல்லாம் உட்கார்ந்து, சில பத்தடி தூரத்துக்கு மிருகம் வந்த பிறகு, விளக்கைப் போட்டுச் சுட்டார். கார்பெட் ருத்ரபிரயாக் சிறுத்தையை 1926ல் சுட்டதும் அப்படித்தான், மாமரத்தின் மேலிருந்து, டார்ச் வெளிச்சத்தில். அந்தச் சௌகட் தாய்ப்புலியை 1930ல் கடைசியாகச் சந்தித்தபோது இடைவெளி எட்டடி. ஒரு கையில் பறவை முட்டைகள், இன்னொரு கையில் ரைஃபிள், ஒற்றைக் கையாலேயே சுட்டார். எட்டடியில் எட்டு எக்ஸ் இருந்திருந்தால் நமக்குப் படிக்கக் கதை இருந்திருக்காது.

எல்லாம் வெள்ளைக்காரன் காலத்து சாகசம், அதைக் கொண்டாடச் சொல்கிறாயா என்று கேட்காதீர்கள். கொண்டாடவில்லை. அந்த வேட்டைகளில் பாதிக்கு மேல் விளையாட்டுக்காகச் சுட்டவை என்று படிக்கிற எவருக்கும் தெரியும். கிட்டே போனால் தப்புவதற்கு வாய்ப்புக் குறைவு, தப்பினால் தானே பொறுப்பு. இந்த ஒரு விஷயத்தை மட்டும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்கிறேன்.

விதிவிலக்கு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். பரண் மேல் உட்கார்ந்து, ஐம்பது அறுபது மீட்டரில் கட்டிவைத்த இரைக்கு அந்தியில் வரும் சிறுத்தை. நேரம் இருக்கிறது, துப்பாக்கியைச் சாய்த்து வைக்க இடம் இருக்கிறது, பின்னால் என்ன இருக்கிறது என்று பகலிலேயே பார்த்தாயிற்று. அங்கே ஆறு எக்ஸ், 42 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் கண்ணுக்கு 7 மில்லிமீட்டர் ஒளி வரும், தப்பில்லை. ஆனால் அந்த வசதி கிடைப்பது எல்லா ஏற்பாடும் முடிந்த பிறகுதான்.

ஸ்கோப் எதுவாக இருந்தாலும் ஏற்பாடு சரியில்லையென்றால் என்ன ஆகும் என்பதற்கு மகாராஷ்டிரத்து அவ்னி இருக்கிறாள். 2018 நவம்பர் 2ஆம் தேதி இரவு யவத்மாலில் சுட்டுக் கொல்லப்பட்ட தாய்ப்புலி. பதின்மூன்று மரணங்கள் அவள் கணக்கில். தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் குழு பிறகு விசாரித்து, நடைமுறைகள் மீறப்பட்டன என்றது. கூட கால்நடை மருத்துவர் இல்லாதது அதில் ஒன்று. அங்கே யாரும் லென்ஸைப் பற்றிக் கேட்கவில்லை. யார் இருந்தார்கள், யார் இல்லை என்றுதான் கேட்டார்கள்.

*

இங்கே கொஞ்சம் சேலையூரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் நிற்கும் இந்த இடமும் காடுதான். கிறிஸ்தவக் கல்லூரி 1937ல் ஜார்ஜ் டவுனிலிருந்து இடம் மாறித் தாம்பரம் வந்தபோது அதற்குக் கிடைத்தது சேலையூர்க் காட்டின் ஒரு பகுதி. முந்நூறு ஏக்கருக்கு மேல். இன்றைக்கும் கல்லூரி மதிலுக்குள் புள்ளிமான் மேய்வதைப் பார்க்கலாம். மதிலுக்கு வெளியே நாம் அபார்ட்மென்ட் கட்டிக்கொண்டோம். நம்மைக் கடிக்க ஒன்றும் மிச்சமில்லாதபடி காலி பண்ணிவிட்டு, வண்டலூரில் கம்பிக்குப் பின்னால் புலியைப் பார்த்துவிட்டு வந்து, கூடலூர்க்காரனுக்கு அறிவுரை சொல்கிறோம்.

கூடலூர்க்காரன் அங்கே ஏன் இருக்கிறான்? என் சித்தப்பா நுவரெலியாப் பக்கத்தில் பிறந்தவர். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று எண்ணிப் பிரிக்கப்பட்ட லட்சக்கணக்கான மலையகத் தமிழர்களில் ஒருவர். அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க நீலகிரியில் அரசே காட்டைத் திருத்தித் தேயிலை போட்டது. அவர்களைப் புலியின் பக்கத்து வீட்டில் குடிவைத்தது அரசாங்கமும் வரலாறும். அவர்கள் யாரும் ரிசார்ட் கட்டப் போகவில்லை.

டிவி கேமரா இதைக் காட்டாது. அதுவும் ஜூம் பண்ணித்தான் பார்க்கும். புலியின் முகம், உறுமல், ரத்தக்கறை. வட்டத்துக்கு வெளியே மாட்டை இழந்தவருக்கு நஷ்டஈடு எப்போது வரும், எஸ்டேட் பாதையில் விளக்கு இருக்கிறதா, வீட்டுக்குள் கழிப்பறை இல்லாமல் விடியற்காலையில் வெளியே போகிறவர்கள் எத்தனை பேர் என்கிற விஷயங்கள் இருக்கின்றன. "கொல்லு" என்ற ஹேஷ்டேக்கும் அதே வட்டத்துக்குள்தான் இருந்தது. "காப்பாத்து" என்ற ஹேஷ்டேக்கும் அதற்குள்தான். இரண்டு கோஷ்டிக்கும் புலி மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

நான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று நல்ல பேர் வாங்கப் பார்க்கவில்லை. எனக்கு ஒரு கட்சி இருக்கிறது. வேறு வழியே இல்லையென்றால், ஆளைத் தொடர்ந்து கொல்லும் மிருகத்தைக் கொல்லலாம் என்றே நினைக்கிறேன். 2014 ஜனவரியில் ஊட்டிப் பக்கம் மூன்று பேரைக் கொன்ற புலி சுடப்பட்டபோது அந்த ஊர் ஜனங்கள் விட்ட பெருமூச்சை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அதைச் செய்கிறவர்கள் கிட்டே போய், அகலமாகப் பார்த்து, நேரம் எடுத்துக்கொண்டு செய்ய வேண்டும். இருபத்தோரு நாள் ஆனால் ஆகட்டும். அந்த நாட்களில் மாடு மேய்க்கப் போக முடியாதவர்களுக்கு யார் கூலி தருவது என்று கத்துங்கள், நானும் சேர்ந்து கத்துகிறேன்.

அடுத்த முறை செய்தி வரும். வராமல் இருக்காது. அப்போது டீக்கடையில் "எட்டு எக்ஸ்" என்று யாராவது ஆரம்பித்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தப் புலி என்று கோடு பார்த்து உறுதி செய்தாயிற்றா? அதற்குப் பின்னால், பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? குறி தப்பினால் புதருக்குள் முதலில் போகிறவர் பேர் என்ன? மூன்றாவது கேள்விக்கு யாரிடமும் பதில் இருக்காது. அவர் பேர் செய்தியில் வருவதில்லை.

போன வாரம் சித்தப்பாவிடம் பேசினேன். இப்போது வேறொரு சிறுத்தை எஸ்டேட் லைன் பக்கம் வருகிறதாம். இரண்டு நாயைத் தூக்கிவிட்டதாம். பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"பயந்தா முடியுமா. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல யாரும் தனியாப் போறதில்ல. சின்னம்மாவ அந்த மஞ்சச் சீலய மட்டும் கட்டாதன்னு சொல்லிட்டேன். ஏசுறா. நல்ல சீலயாம்."